எம்.என்.டி. வந்த வீட்டுக்காகப் பணம் திரட்டுவது: முதன்முறை கேட்பவர்களுக்கு

டாக்டர் ‘மோட்டார் நியூரான் நோய்’, அதாவது எம்.என்.டி., என்று சொல்லி இரண்டு நாள் ஆகியிருக்காது, அதற்குள் சொந்தத்தில் யாராவது ஒருவர் போனிலேயே போஸ்டர் செய்துவிடுவார். சக்கர நாற்காலியில் ஒரு படம், மேலே சிவப்பு எழுத்தில் ‘உயிர் காக்க உதவுங்கள்’, கீழே ஒரு ஜிபே நம்பர். அன்போடுதான் செய்கிறார். ஆனாலும் அந்தப் போஸ்டரைப் பத்து நாள் நிறுத்தி வையுங்கள். ஒருமுறை வெளியே போய்விட்டால் திரும்ப வாங்க முடியாது.

இதய ஆபரேஷனுக்குப் பணம் கேட்கும்போது ஒரு தொகை இருக்கும், ஒரு தேதி இருக்கும், ஒரு பில் இருக்கும். எம்.என்.டி.யில் அப்படி எதுவும் கிடையாது. செலவு மாதாமாதம் வரும், கூடிக்கொண்டே போகும், வருடக்கணக்கில் நீளும். முதல் மாதமே பெரிய தொகை கேட்டு, அலைச்சலிலும் ஸ்கேனிலும் அதைக் கரைத்துவிட்டு, மூச்சுக் கருவியும் ஆள் துணையும் தேவைப்படும் நாளில் மறுபடி கேட்க வாய் வராமல் நிற்கும் குடும்பங்கள் நிறைய. அதனால் குணமாக்குவதற்கு என்று கேட்காமல் பராமரிப்பதற்கு என்று கேளுங்கள். மொத்தமாக ஒரு தடவை வருவதைவிட, கொஞ்சமாக மாதாமாதம் வருவது நல்லது.

என் சித்தப்பாவுக்கு இந்த நோய் வந்தது. அவருக்காகவும், பிறகு அறிமுகமான சில குடும்பங்களுக்காகவும் பணம் திரட்டியதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். தமிழ்நாட்டுச் சூழலை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் நோயை உறுதி செய்யுங்கள்

எம்.என்.டி., அதில் அதிகம் காணப்படும் வகையான ஏ.எல்.எஸ்., தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக அழிவதால் வருவது. கை, கால், நாக்கு, தொண்டை என்று பலம் போய், கடைசியில் மூச்சுத் தசைகளுக்கு வரும். பெரும்பாலோருக்கு நினைவும் புத்தியும் தெளிவாகவே இருக்கும். அறிகுறி தொடங்கியதிலிருந்து இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் என்பது பொதுவாக டாக்டர்கள் சொல்லும் கணக்கு. பத்தில் ஒருவர் பத்து ஆண்டுகளைத் தாண்டியும் வாழ்கிறார். ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 1963-இல், 21 வயதில் கண்டுபிடித்தார்கள். அவர் 2018 வரை இருந்தார். ஆனால் அவரை அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டாம், அது அபூர்வம்.

பணம் கேட்பதற்கு முன் இரண்டாவது ஒரு பெரிய இடத்தில் காட்டி, எழுத்தில் வாங்கிவிடுங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ், வேலூர் சி.எம்.சி., சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற இடங்களின் நரம்பியல் பிரிவுகளில் காட்டலாம். இதை வலியுறுத்த காரணம் உண்டு. நம் பக்கத்திலேயே ‘மெட்ராஸ் வகை எம்.என்.டி.’ என்று ஒன்று இருக்கிறது. சென்னை மருத்துவர்கள் 1970-இல் விவரித்த வகை அது. இளவயதில் தொடங்கும், காது கேட்பது குறையும், ஆனால் மெதுவாகத்தான் போகும். இளைஞர்களுக்குக் கை மட்டும் மெலியும் ஹிராயாமா நோய் என்று இன்னொன்றும் உண்டு. அது சில வருடங்களில் பெரும்பாலும் தானே நின்றுவிடும். எந்த நோய் என்பதைப் பொறுத்து எத்தனை வருடத்துக்குத் திட்டமிடுவது என்பதே மாறிவிடும்.

மருந்தைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். ரிலுசோல் மாத்திரை 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நோயைச் சில மாதங்கள் தள்ளிப்போடும். எடராவோன் என்ற மருந்துக்கு 2017-இல் அங்கே அனுமதி கிடைத்தது. அது எல்லாருக்கும், எல்லாக் கட்டத்திலும் பலன் தரும் என்று சொல்ல முடியாது. உங்கள் நோயாளிக்கு அதனால் என்ன பயன் என்று நரம்பியல் டாக்டரிடம் வெளிப்படையாகக் கேட்ட பிறகே அதற்கென்று நிதி திரட்டுங்கள். நோயை முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்று எங்கும் இல்லை.

இந்த இடத்தில்தான் ஸ்டெம் செல் (குருத்தணு) சிகிச்சை விற்கும் ஆட்கள் வருவார்கள். வீடியோ காட்டுவார்கள், பல லட்சம் ரூபாய் பேக்கேஜ் சொல்வார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, சில ரத்த நோய்கள் போன்றவற்றைத் தவிர மற்ற எதற்கும் ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆராய்ச்சிக்கு வெளியே சிகிச்சையாக விற்கக் கூடாது. ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்கிறவர்கள் நோயாளியிடம் பணம் வாங்க மாட்டார்கள். பணம் கேட்டாலே புரிந்துகொள்ளுங்கள். ஊரார் நம்பிக் கொடுத்த காசு இதில் போய்விட்டால், அடுத்த வருடம் மூச்சுக் கருவி வாங்க அதே ஊராரிடம் போக முடியாது. எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது. எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பிச் சொல்வேன்.

கணக்குப் போடுவது

ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கி மூன்று பக்கம் ஒதுக்குங்கள்: இப்போது, ஆறு மாதம் கழித்து, அதற்கப்புறம்.

‘இப்போது’ பக்கத்தில் மாத்திரை, பிசியோதெரபி, மருத்துவமனைக்குப் போய்வரும் வண்டிச் செலவு, கழிவறையில் கைப்பிடி, வாக்கர் வரும். இரண்டாவது பக்கத்தில் சக்கர நாற்காலி, தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில், படுக்கைப் புண் வராமலிருக்க ஏர் பெட், இரவில் மூச்சுக்கு பைபாப் கருவி, விழுங்க முடியாமல் போகும்போது வயிற்றில் வைக்கும் பெக் டியூப். மூன்றாவதில் சளி எடுக்கும் சக்‌ஷன் மெஷின், இருமலுக்கு உதவும் கருவி, கரண்ட் போனால் கருவிகள் ஓட இன்வெர்ட்டர், இரவும் பகலும் ஆள் துணை. இன்வெர்ட்டரை எல்லாரும் மறக்கிறார்கள். பைபாப் ஓடும் வீட்டில் அது ஆடம்பரம் கிடையாது.

எல்லாவற்றிலும் பெரிய செலவு ஆள்தான். கருவியை ஒருமுறை வாங்கினால் போதும், பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு மாதாமாதம் சம்பளம் வேண்டும். வீட்டில் ஒருவர் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டால் அந்த இழந்த சம்பளமும் செலவுதான். அதையும் நோட்டில் எழுதுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

விலைக்கு இரண்டு கடையிலாவது கொட்டேஷன் வாங்குங்கள், வாடகைக்குக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். பைபாப் போன்றவற்றை வாடகைக்கு எடுத்து ஒரு மாதம் பார்த்துவிட்டு வாங்குவது புத்திசாலித்தனம். முகமூடி பொருந்தாமல் நாலைந்து மாற்றிப் பார்க்க வேண்டி வரும்.

கூட்டிய தொகையிலிருந்து குடும்பம் போடக்கூடியதையும், அரசு மற்றும் காப்பீட்டிலிருந்து வரக்கூடியதையும் கழியுங்கள். மிச்சம்தான் நீங்கள் கேட்க வேண்டிய தொகை. உதாரணத்துக்கு, மாதம் 35,000 ரூபாய் செலவு, குடும்பத்தால் 15,000 முடியும் என்றால், மாதம் 20,000 துண்டு விழுகிறது. தலைக்கு 500 ரூபாய் தர 40 பேர் இருந்தால் போதும். ‘30 லட்சம் தேவை’ என்று கேட்டால் மலைத்துப்போகிற அதே மனிதர், ‘மாதம் 500’ என்றால் உடனே சரி என்பார்.

கேட்பதற்கு முன் உரிமையானதை வாங்குங்கள்

பணம் தருகிறவர்கள் முதலில் கேட்பது, ‘கலைஞர் காப்பீடு இருக்குமே, அதுல வராதா?’ என்றுதான். பதில் கையில் இருக்க வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை மக்கள் இன்னும் பழைய பேரில்தான் சொல்கிறார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு அது பொருந்தும், ஆண்டுக்கு 5 லட்சம் வரை பாதுகாப்பு. ஆனால் மருத்துவமனையில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்குத்தான் பெரும்பாலும் பயன்படும். வீட்டுப் பராமரிப்புச் செலவு அதில் வராது, எம்.என்.டி.யில் செலவு முக்கால்வாசி வீட்டில்தான். இந்த ஒரு வரியைத் தெளிவாகச் சொன்னாலே கேட்டவருக்குப் புரிந்துவிடும்.

அடுத்து மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, அதாவது யூடிஐடி. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் நாள்பட்ட நரம்பியல் பாதிப்பும் ஒன்று. கலெக்டர் அலுவலக வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் போங்கள். கை கால் ஓரளவு நடமாடும் போதே விண்ணப்பிப்பது நல்லது, பிறகு முகாமுக்குத் தூக்கிக்கொண்டு போவது பெரும்பாடு. நோய் கூடும்போது சதவீதத்தை மறுமதிப்பீடு செய்யச் சொல்லலாம். கடும் பாதிப்பு, தசைச்சிதைவு, பார்கின்சன் போன்ற பிரிவுகளுக்கு தமிழ்நாடு அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. உங்கள் சான்றிதழ் எந்தப் பிரிவில் வரும் என்று அங்கேயே கேளுங்கள். சக்கர நாற்காலிக்கும் அங்கேதான் மனு.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் வலி தணிப்புப் பராமரிப்பும் தருகிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துவிடுங்கள். டியூப் மாற்றவும் புண் பார்க்கவும் தெரிந்த ஒரு செவிலியர் வாசலுக்கு வருவது பெரிய ஆறுதல்.

பழைய பீரோவைத் திறந்து பாலிசிகளை எடுங்கள். ‘கிரிட்டிகல் இல்னெஸ்’ என்ற தீவிர நோய்க் காப்பீடு தனியாகவோ ஆயுள் காப்பீட்டோடு சேர்த்தோ எடுத்திருந்தால் அந்தப் பட்டியலைப் படியுங்கள். நிரந்தர அறிகுறிகளுடன் கூடிய மோட்டார் நியூரான் நோய்க்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமே பொதுவான ஒரு வரையறை வைத்திருக்கிறது, பல பாலிசிகளில் அது இருக்கும். நோய் உறுதியானதுமே மொத்தத் தொகை கிடைக்கக்கூடிய ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு ஊரில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். பி.எஃப். இருந்தால் மருத்துவ முன்பணமும் எடுக்கலாம்.

நோயாளியைக் கேட்டீர்களா?

புத்தி தெளிவாக இருக்கும் மனிதர் அவர். அவரைப் பற்றி ஊரே படிக்கப் போகிறது. என்ன எழுதலாம், எந்தப் படம் போடலாம், யாரிடம் கேட்கக் கூடாது என்று அவர்தான் சொல்ல வேண்டும். பேச்சு போயிருந்தாலும் கேட்க வழி உண்டு.

சித்தப்பாவுக்கு ஓர் எழுத்து அட்டை செய்தோம். 247 எழுத்தையும் எழுதினால் நாள் முழுக்கத் தேடணும் என்பதால், மேலே 12 உயிர், கீழே மூன்று வரிசையில் 18 மெய். விரல் வரிசை மேல் போகும்போது அவர் கண்ணை மேலே தூக்குவார், நிறுத்துவோம். அப்புறம் எழுத்து, அப்புறம் அதற்கான உயிர். பணம் கேட்கலாமா என்று கேட்ட அன்று, முழுதாகச் சொல்லி முடிக்க நேரம் பிடித்தது. ‘படுத்த படம் வேண்டாம். வாத்தியார் படம் போடு.’ பள்ளிக்கூடத்தில் கரும்பலகை முன் நிற்கிற பழைய படத்தைப் போட்டோம். அவரிடம் படித்தவர்கள் அந்த முகத்தைத்தான் அடையாளம் கண்டார்கள். வாயில் குழாயோடு படுத்திருக்கும் படம் நிறையப் பணம் கொண்டுவரும் என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். தெரிந்தவர் வட்டத்தில் கேட்கும்போது அது தேவையே இல்லை.

பிள்ளைகள் படம் போடக் கூடாது. ஆதார், ஸ்கேன் ரிப்போர்ட்டின் முழுப் பக்கம், வீட்டு முகவரி இவற்றையும் பொதுவில் போட வேண்டாம். டாக்டர் கடிதம் போதும், அதிலும் நோயாளியின் மருத்துவமனைப் பதிவு எண்ணை மறைத்துவிடுங்கள்.

வங்கிக் கணக்கு

இதற்கென்றே ஒரு தனி சேமிப்புக் கணக்கு திறங்கள். நோயாளி பெயரும் வாழ்க்கைத் துணை அல்லது பிள்ளை பெயரும் சேர்ந்து, இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கலாம் என்ற முறையில். கையெழுத்துப் போட முடிகிற காலத்திலேயே இதைச் செய்துவிடுங்கள். அதற்குள் விரல் போய்விட்டதென்றால் மனம் தளர வேண்டாம். கை ரேகை, அதுவும் முடியாவிட்டால் கால் விரல் ரேகை வைத்தும் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. இரண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். சில கிளைகளில் ‘அப்படியெல்லாம் இல்லையே’ என்பார்கள். பணிவாக, எழுத்தில் கேளுங்கள்.

திடீரென ஐம்பது நூறு பேரிடமிருந்து பணம் வந்தால் கணக்கை நிறுத்தி வைக்கும் ஆபத்து உண்டு. முன்கூட்டியே கிளை மேலாளரைப் பார்த்து, டாக்டர் கடித நகலோடு ‘மருத்துவ உதவிக்காகப் பலரிடமிருந்து பணம் வரும்’ என்று ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கே.ஒய்.சி. முழுமையாக முடிந்த கணக்காக இருக்கட்டும்.

கியூஆர் கோடு போட்ட படத்தை வேறொருவர் எடுத்து, தன் கோடை ஒட்டிப் பரப்புவது நடக்கிறது. அதனால் ‘பணம் அனுப்பும்போது திரையில் இந்தப் பெயர் வருகிறதா என்று பாருங்கள்’ என்று செய்தியிலேயே எழுதுங்கள். அப்புறம், நமக்குப் பணம் வர ரகசிய ‘பின்’ (PIN) நம்பர் அடிக்கவே தேவையில்லை. ‘பெரிய தொகை அனுப்புகிறேன், இந்தக் கோடை ஸ்கேன் பண்ணி ரகசிய நம்பர் போடுங்கள்’ என்று போன் வந்தால் அது திருடன்.

வேலையை மூன்றாகப் பிரியுங்கள். ஒருவர் கேட்பவர், இன்னொருவர் கணக்கு எழுதுபவர். நோயாளியைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவருக்கு இந்த இரண்டு வேலையும் வேண்டாம். ராத்திரி நாலு தடவை எழுந்து புரட்டிப் போடுகிறவரை, பகலில் போனெடுத்து நிலவரம் சொல்ல வைப்பது பாவம்.

இணையதளமா, நேரடியாகவா?

மிலாப், கெட்டோ, இம்பாக்ட் குரு போன்ற தளங்கள் பலருக்குத் தெரியும். முகம் தெரியாதவர்களைச் சென்றடைய அவை உதவும். டாக்டர் கடிதம், மருத்துவமனை லெட்டர்ஹெட்டில் செலவு மதிப்பீடு, ஆதார், பான், வங்கி விவரம் கேட்பார்கள். சேருமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். தளக் கட்டணம், விளம்பரக் கட்டணம், பணப் பரிமாற்றக் கட்டணம் எல்லாம் சேர்த்து நூற்றுக்கு எவ்வளவு போகும்? விளம்பரம் வேண்டாம் என்று சொல்லலாமா? பணத்தை மருத்துவமனைக்கு மட்டும்தான் அனுப்புவீர்களா? மூன்றாவது கேள்விதான் முக்கியம். நம் செலவு வீட்டில் நடக்கிறது. மருந்துக்கடை பில், பராமரிப்பு ஆளின் சம்பள ரசீது, கருவி வாடகை ரசீது இவற்றை ஏற்பார்களா என்று மின்னஞ்சலில் பதில் வாங்கிவிடுங்கள். வார்டு வாசலில் வந்து ‘நாங்களே எல்லாம் பார்த்துக்கிறோம்’ என்று பங்கு கேட்கும் இடைத்தரகர்களைக் கிட்டச் சேர்க்காதீர்கள்.

தனிநபருக்குத் தரும் பணத்துக்கு 80ஜி வரிச்சலுகை கிடையாது. பெரிய தொகை தர நினைப்பவர் அதைக் கேட்டால், பதிவு பெற்ற அறக்கட்டளை ஒன்று வாங்கி, கடைக்கும் மருத்துவமனைக்கும் நேரடியாகக் கட்டும்படி ஏற்பாடு செய்யலாம். உங்கள் பக்கமும் ஒரு வரிக் கேள்வி இருக்கிறது. நெருங்கிய உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் இனாமாக வந்தால் வருமான வரிச் சட்டம் அதை வருமானமாகப் பார்க்கும். பயப்பட வேண்டியதில்லை, ஆனால் தொடங்கும் முன்பே ஆடிட்டர் ஒருவரைப் பாருங்கள். எல்லா பில்லையும் கோப்பில் வையுங்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி மூலம் அனுப்புவது ‘வெளிநாட்டு நன்கொடை’ ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் வேறு சட்டம் வரும். இதையும் அதே ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

என் அபிப்பிராயம், எம்.என்.டி.க்கு நேரடி வட்டம்தான் நிலைக்கும். 2014 கோடையில் ஐஸ் வாளியைத் தலையில் கொட்டிக்கொள்ளும் சவால் உலகையே சுற்றி, அமெரிக்காவின் ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு 11 கோடி டாலருக்கு மேல் சேர்த்தது. ஆராய்ச்சிக்கு அது பெரிய வரம். ஆனால் அந்த அலை சில வாரங்கள்தான் அடித்தது. ஒரு வீட்டுக்கு வேண்டியது, மூன்று வருடம் கழித்தும் மாதம் ஐந்தாம் தேதி தவறாமல் 500 ரூபாய் போடும் பழைய நண்பர். மாதாமாதம் தானாகவே பணம் போகும்படி அவரைத் தன் வங்கி ஆப்பில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் போட்டுவிடச் சொல்லுங்கள். ஒவ்வொரு மாதமும் நினைவூட்ட வேண்டிய சங்கடம் இருவருக்கும் இருக்காது.

செய்தி எப்படி எழுதுவது

சுருக்கமாக, உண்மையாக. ஒரு மாதிரி தருகிறேன், உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

‘வணக்கம். என் அண்ணனை உங்களுக்குத் தெரியும். அவருக்கு ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய் இருப்பதாகச் சென்ற மாதம் வேலூரில் உறுதி செய்தார்கள். இதைக் குணப்படுத்த மருந்து இல்லை. ஆனால் நல்ல பராமரிப்பு இருந்தால் அவர் வலியில்லாமல், வீட்டாரோடு இருக்க முடியும். மாதச் செலவு 35,000 ரூபாய். 15,000 நாங்கள் போடுகிறோம். மீதிக்கு, மாதம் 500 ரூபாய் வீதம் ஒரு வருடத்துக்குத் தர முடிந்த 40 பேரைத் தேடுகிறோம். முடியாவிட்டால் தவறாக நினைக்க மாட்டோம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வந்து அவரோடு இருந்தாலும் பெரிய உதவி. வரவு செலவு ஒவ்வொரு மாதமும் இதே குழுவில் போடுவோம். பணம் மீந்தால் இதே நோயுள்ள இன்னொரு குடும்பத்துக்குத் தருவோம். அண்ணனைக் கேட்டுத்தான் இதை அனுப்புகிறேன்.’

குணமாகாது என்று எழுதினால் யாரும் தர மாட்டார்கள் என்று பயப்படுவார்கள். எங்கள் அனுபவம் அப்படி இல்லை. மறைத்து வாங்கியிருந்தால் ஆறாவது மாதத்தில் ‘இன்னும் சரியாகலையா?’ என்ற கேள்விக்கு என்ன சொல்வது?

யாரிடம் கேட்பது

முதலில் கூடப் படித்தவர்கள். பத்தாம் வகுப்பு செட், கல்லூரி செட் என்று ஆளுக்கு ஒரு வாட்ஸாப் குழு இருக்கிறது. சொந்தக்காரர்களைவிட இவர்கள் நீண்ட நாள் தருகிறார்கள். குழுவில் நீங்களே போடாமல், அதில் எல்லாரும் மதிக்கிற ஒருவரைப் போடச் சொல்லுங்கள். அடுத்து வேலை பார்த்த இடம், தொழிற்சங்கம். பிறகு சொந்த ஊர்க்காரர்கள், ஜமாஅத், பங்குக் கோயில், கோயில் கமிட்டி, அரிமா சங்கம், ரோட்டரி. சங்கங்களிடம் மாதப் பணம் கேட்பதைவிட ‘ஒரு ஏர் பெட், இந்தக் கடையில், இந்த விலை’ என்று பொருளாகக் கேட்டால் சீக்கிரம் நடக்கும்.

பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து ஆட்கள் மொய் விருந்து வைக்கலாமா என்று கேட்பார்கள். ஆடி மாதத்தில் லட்சக்கணக்கில் சேர்வதைப் பார்த்து வரும் யோசனை அது. ஆனால் மொய் திரும்பச் செய்ய வேண்டிய பணம். நோட்டில் ஏறிவிட்டால் உங்களுக்கு அடுத்தவர் விருந்தில் கடன் நிற்கும். சம்பாதிக்கிறவரே படுத்துவிட்ட வீட்டில் அந்தப் பொறுப்பை யார் சுமப்பார்? அப்படி வைப்பதானால், திருப்பிச் செய்ய வேண்டியதில்லை, இது உதவி என்று அழைப்பிதழிலேயே அச்சடித்துவிடுங்கள்.

பொருளாக வருவதையும் கவனமாக வாங்குங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் பல வீடுகளில் சும்மா கிடக்கிறது, அன்போடு கொண்டுவருவார்கள். எம்.என்.டி.யில் நெஞ்சுத் தசை பலவீனத்தால் கரியமில வாயு வெளியேறாமல் தங்கும். காற்றைத் தள்ளும் பைபாப் இல்லாமல் ஆக்சிஜனை மட்டும் கொடுப்பது சிலருக்கு ஆபத்தாகவே முடியும். டாக்டர் சொல்லாமல் மாட்டாதீர்கள்.

வேறு நரம்பு நோய்களுக்குக் கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. குழந்தைகளுக்கு வரும் எஸ்.எம்.ஏ. என்ற தசை பலவீன நரம்பு நோய்க்கு ஒரே ஊசி 16 கோடி என்று 2021-இல் எல்லாரும் பேசினோம். கேரளத்தின் மாட்டூலில் ஒரு குழந்தைக்காக 46 கோடி ரூபாய் சேர்ந்ததும் அந்த வருடம்தான். அதே நோய்க்கு வீட்டிலேயே கொடுக்கும் ரிஸ்டிப்ளாம் மருந்து ஒரு பாட்டில் 6 லட்சத்தை ஒட்டி விற்றது. 2025 அக்டோபரில், டெல்லி உயர் நீதிமன்ற வழக்குக்குப் பின், நாட்கோ நிறுவனம் அதன் ஜெனரிக்கை, அதாவது அதே மருந்தின் மலிவு வடிவத்தை, 15,900 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. பழைய விலையை வைத்து நிதி கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. எஸ்.எம்.ஏ., டுஷென் தசைச்சிதைவு இரண்டும் 2021-ஆம் ஆண்டு தேசிய அரிய நோய்க் கொள்கையில் உண்டு. அதன்படி குறிப்பிட்ட உயர் சிறப்பு மையங்கள் வழியாக 50 லட்சம் வரை உதவி பெற மனுச் செய்யலாம். ஏ.எல்.எஸ். அந்தப் பட்டியலில் இல்லை.

பணம் வரத் தொடங்கிய பிறகு

மாதம் ஒருமுறை, குறித்த தேதியில், கணக்கு போடுங்கள். வரவு இவ்வளவு, செலவு இன்னின்னது, கையிருப்பு இவ்வளவு. கொடுத்தவர் பெயரைப் போடும் முன் அவரைக் கேளுங்கள். பலர் பெயர் வேண்டாம் என்பார்கள். இவர் 500, அவர் 5,000 என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டால் 500 தந்தவர் அடுத்த மாதம் சங்கடப்படுவார். சித்தப்பா கணக்கு வாத்தியார் என்பதால் மாதக் கடைசியில் நோட்டை அவர் கண்முன் பிடிப்போம். சக்‌ஷன் மெஷின் வாங்கிய மாதம் அந்த வரியில் கண் நின்றது. அட்டையை எடுத்ததும் அவர் சொன்ன சொல், ‘ரசீது’. ஒட்டிக் காட்டிய பிறகுதான் அடுத்த பக்கம்.

கணக்கோடு நான்கு வரி நிலவரமும் எழுதுங்கள். இந்த மாதம் சாப்பாடு குழாய் வழியாகத்தான், ஆனால் கிரிக்கெட் முழுக்கப் பார்த்தார் என்பது போல. மோசமான மாதத்தில் ‘இந்த மாதம் கடினம்’ என்று ஒரு வரி போதும். கொடுப்பவர்கள் குறைவது இயல்பு. வருடம் முடியும்போது நன்றி சொல்லி, தொடர முடியுமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். விலகுபவரிடம் காரணம் கேட்க வேண்டாம்.

ஆலோசனைகள் குவியும். ஒரு மூலிகை, ஒரு வைத்தியர், ஒரு கோயில். ‘டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறோம், நன்றி’ என்ற ஒரே பதிலை வைத்துக்கொள்ளுங்கள். பத்து மாதமாகக் கொடுத்தவர் கேட்கிறார் என்பதற்காக எதையும் கொடுத்துப் பார்க்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. தீபாவளிக்குப் பிள்ளைக்குச் சட்டை எடுத்ததைக் கேள்வி கேட்பவரும் வருவார். நிதிக் கணக்கும் வீட்டுக் கணக்கும் தனித்தனியாக இருப்பதால் நோட்டைக் காட்டினால் போதும், விளக்கம் வேண்டியதில்லை.

செயற்கை சுவாசத்தில் வைப்பதா வேண்டாமா என்ற முடிவு ஒரு நாள் வரும். தொண்டையில் துளையிட்டு வென்டிலேட்டர் வைத்தால் செலவு வேறு நிலைக்குப் போய்விடும். அந்த முடிவை நோயாளி, வீட்டார், டாக்டர் மூவரும் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். நிதிக் குழுவில் அதை விவாதத்துக்கு விடாதீர்கள். அவர் என்ன முடிவெடுத்தாலும் அதற்கேற்ப நோட்டின் மூன்றாவது பக்கத்தைத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் காலமான பிறகு ஒரு மாதத்துக்குள் கடைசிக் கணக்கைப் போட்டு, ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன்களை நிறுத்தச் சொல்லிவிடுங்கள். நிறையப் பேருக்கு அது ஓடிக்கொண்டிருப்பதே மறந்திருக்கும். ஈமச்சடங்குச் செலவை இந்தக் கணக்கில் எழுதுவதாக இருந்தால் குழுவில் சொல்லிவிட்டு எழுதுங்கள். மீதிப் பணத்தை முதல் செய்தியில் சொன்னபடி அனுப்பி, ரசீதைக் குழுவில் போடுங்கள். பைபாப் முகமூடியையும் குழாய்களையும் கொடுக்காதீர்கள், கருவியை மட்டும் சர்வீஸ் செய்து கொடுங்கள். மும்பையிலிருந்து இயங்கும் ஆஷா ஏக் ஹோப் போன்ற எம்.என்.டி. அமைப்பையோ, நீங்கள் காட்டிய மருத்துவமனையின் சமூகப் பணியாளரையோ கேட்டால், அதற்குக் காத்திருக்கும் வீட்டைத் தெரிந்துகொள்ள வழி கிடைக்கும். கொட்டேஷன், கடை நம்பர், வங்கிக் கடித நகல் எல்லாம் இருக்கிற அந்தக் கோப்பையும் கருவியோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். அதிலுள்ள சொந்த விவரப் பக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.